நிலைவாசல் உயரம்

நங் என்று ஒரு சத்தம் கேட்டது. லாரி வந்து நின்றதையோ சாமான் இறங்கியதையோ எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் குழாயடியில் குடத்தை வரிசை போட்டிருந்தவர்களும், பல்பொடியும் கையுமாகச் சாக்கடை ஓரம் குந்தியிருந்தவர்களும், அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தவர்களும் அந்த ஒரு சத்தத்தை வைத்தே பதினோராம் நம்பர் வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று என்றும், வந்தது பெரிய வீட்டிலிருந்து இறங்கி வந்த ஆள் என்றும், ஆம்பிளை என்றும், ஐந்தே முக்கால் அடிக்குக் குறையாது என்றும் தெரிந்துகொண்டோம். மில்லுத் தெருவின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் வாசல் நிலை ஐந்தடி இரண்டு அங்குலம்தான். மில்லைக் கட்டியவர் மரத்தை மிச்சம் பிடிக்க அப்படி வைத்தார் என்பார்கள். மில் இடிந்து அந்த இடத்தில் கருவேலம் முளைத்துப் பல காலமாகியும் நிலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அந்த மேல்கட்டையில் நெற்றி இடித்தால் நங் என்று கேட்கும், உச்சி இடித்தால் டக் என்று கேட்கும், முடி மட்டும் உரசினால் சர் என்று கேட்கும், ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அந்த ஆள் எங்கள் ஆள் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் ஆட்கள் வீட்டுக்குத் தக்கபடி ஆவது மஞ்சள்காமாலை வருகிற மாதிரி ஒரு சாதாரண விஷயம். பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குறைந்துவிடுவார்கள், சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறவர்கள் அதே கணக்கில் கூடிவிடுவார்கள், சாமான்கள் மட்டும் கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, முதல் வாரம் கொஞ்சம் பசி அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்களே, அந்தப் பாலை யார் குடிக்கிறார்களோ அவர்களைத்தான் வீடு தன் அளவுக்குக் கொண்டுவரும்; குடிக்காதவர்கள் எத்தனை வருடம் அங்கே படுத்து எழுந்தாலும் விருந்தாளிதான், அவர்களை வீடு தொடாது. இதனால் டெய்லர் காஜா மைதீன் தைக்கிற எந்தச் சட்டையிலும் உள்மடிப்பில் நான்கு விரல் துணி விட்டுவைப்பார், சைக்கிள் கடைக்காரர் சீட்டை இறக்கிக் கொடுக்கக் காசு வாங்கமாட்டார், பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் உயரத்தைக் கேட்கமாட்டார்கள், வீட்டில் எத்தனை கட்டு என்று கேட்டுவிட்டு வெற்றிலையை எடுப்பார்கள்.

வந்தவர் பரமார்த்தலிங்கம், கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். தேரடியில் அவருக்கு ஏழு அறை வீடு இருந்தது. அவருடைய நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு என்று மதுரையில் சொல்லி, நெஞ்சைப் பிளந்து சரிசெய்து, நூலைப் பிரித்து அவரை ஊருக்கு அனுப்பியபோது வீடு போயிருந்தது. டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற இசக்கிராஜன் அதை வாங்கிக்கொண்டார். ஏழு அறையில் கிடந்த தேக்சாவும் வாளியும் கரண்டியும் விற்றுப்போக, நூறு படி அரிசி வேகிற ஒரு பித்தளை அண்டாவை மட்டும் பரமார்த்தலிங்கம் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது பதினோராம் நம்பர் வாசலுக்குள் நுழையவில்லை. மூன்று பேர் உருட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் பக்கத்தில் தெருவிலேயே கவிழ்த்து வைத்தார்கள், அது அங்கேயே வாடகைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது, அதை வியாழக்கிழமை தோறும் புளி போட்டு விளக்குவது அவர் மகள் செண்பகாவின் வேலையாக இருந்தது. செண்பகா அண்டாவை நிமிர்த்தி வைத்து, விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்தால் அவள் கை அடிவரைக்கும் போகும். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் போகாது.

செண்பகாவுக்கு இருபத்திரண்டு வயது, உயரம் நூற்று அறுபத்தொரு சென்டிமீட்டர். போலீஸ் செலக்‌ஷனில் எழுத்துப் பரீட்சை பாஸாகி, ஓட்டத்துக்கும் உயரத்துக்கும் கூப்பிடுகிற கடிதத்துக்காகக் காத்திருந்தாள். பெண்களுக்கு நூற்று ஐம்பத்தொன்பது வேண்டும். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் கடிதம் வந்தது, அதில் போட்டிருந்த தேதி, குடி வந்து நாற்பத்தாறாவது நாளாக இருந்தது.

பால் காய்ச்சின அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பால் பொங்கி வழிந்தது, பரமார்த்தலிங்கத்தின் பெண்டாட்டி உலகம்மாள் சீனி போட்டு ஆற்றி முதல் தம்ளரைப் புருசனுக்குக் கொடுத்தாள், இரண்டாவதைத் தான் குடித்தாள், மூன்றாவதை மகளிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்மா" என்றாள் செண்பகா.

"வேண்டாம்னா? இது என்ன பலகாரமா, வேணும் வேண்டாம்ங்கதுக்கு?"

"செலக்‌ஷன் முடியட்டும். அன்னைக்குச் சாயந்தரமே ஒரு சொம்பு காய்ச்சிக் குடிச்சிருதேன்."

"பால் குடிக்காம என் வீட்டுல விருந்தாளி மாதிரி இருப்பியா?"

"நாப்பத்தாறு நாளுதாம்மா. விருந்தாளிக்குச் சோறு போடமாட்டியா?"

எல்லோரும் சிரித்தோம். உலகம்மாளும் சிரித்தாள், ஆனால் அந்தத் தம்ளரை யாருக்கும் கொடுக்காமல் மூடி வைத்தாள். சாயந்தரம் அதில் ஒரு சொட்டு மோர் விட்டு உறை ஊற்றினாள். மறுநாள் அந்தத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து அன்றைய பாலில் விட்டாள், அதற்கு மறுநாள் அதிலிருந்து ஒரு கரண்டி, இப்படி எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாள் பால் தயிராகி மோராகித் தீராமல் போய்க்கொண்டேயிருக்கும். செண்பகாவுக்கும் இது தெரியும். அதனால் அவள் வீட்டில் தயிர் தொடமாட்டாள், மோர் தொடமாட்டாள், மோர்க்குழம்பு வைத்த அன்று ரசத்தோடு எழுந்துவிடுவாள், டீ வேண்டுமென்றால் முக்குக் கடையில் நின்று பால் இல்லாமல் குடிப்பாள்.

இரண்டு பேரும் குறைய ஆரம்பித்தார்கள். முதல் பத்து நாளில் பரமார்த்தலிங்கத்தின் வேட்டி தரையில் புரண்டது. டவுன் பஸ் கண்டக்டர், "அண்ணாச்சி, இன்னும் ஒரு மாசம் போனா அரை டிக்கெட்தான் உங்களுக்கு" என்றார், அதற்கு அவர், "அப்பம் ஜன்னலோரம் மடியில உக்காத்தி வச்சுக்கிடும்வே" என்றார், பஸ்ஸே சிரித்தது. மதுரைக்குச் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் நெஞ்சுக்கூட்டை அளந்து பார்த்து, இதயம் பழைய அளவில் இருக்கிறது, கூடு சின்னதாகிவிட்டது, கொஞ்ச நாளைக்குப் படபடப்பு இருக்கும், இடம் பழகிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தார். அதே நாட்களில் தேரடி வீட்டில் இசக்கிராஜனின் பெண்டாட்டி பிரேமாவுக்குக் கணுக்கால் தெரிந்தது. அவள் பாவாடைகளை ஒரு பையிலும், உலகம்மாளின் பாவாடைகளை ஒரு பையிலும் போட்டு வைத்துக்கொண்டு காஜா மைதீன் ஒரே மெஷினில் உட்கார்ந்து, இதில் வெட்டின துண்டை அதில் ஒட்டுப்போட்டுத் தைத்தார்.

"ஒரு சாண் துணி கூட வீணாப் போகல மதினி" என்று அவர் உலகம்மாளிடம் சொன்னார். "உங்க நீலப் பாவாடைக் கரை அந்த அம்மாவுக்கு அப்படிப் பொருந்திப்போச்சு."

உலகம்மாள் பையை வாங்கிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்க்காமல் மூலையில் போட்டாள்.

முப்பதாவது நாள் வாக்கில் பதினோராம் நம்பரில் பரமார்த்தலிங்கத்தின் சத்தம் டக் ஆனது. உலகம்மாள் சர் என்பதைத் தாண்டி ஒன்றுமில்லாமல் போனாள். செண்பகா மட்டும், தண்ணீர்க் குடத்தோடு வேகமாக நுழையும்போதெல்லாம், நங் என்று இடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரிப்பாள், அந்தச் சத்தம் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது என்று எங்களுக்குத் தோன்றும். எங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அவள் நல்ல பெண். அம்மா கொடியில் சேலை போடக் கையைத் தூக்கும்போது ஓடிவந்து வாங்கி, "விடும்மா, உனக்கு எட்டாது" என்பாள். பரணில் சுளகு எடுக்கப் போனால், "விடும்மா, உனக்கு எட்டாது" என்பாள். அப்பாவிடம், "கரண்டு மீட்டரை நான் பாக்கேன்பா, உங்களுக்கு எட்டாது" என்பாள். எங்கள் வீட்டுப் பரண் சாமான்களையும் குழாயடிச் செம்பருத்திக் கிளைகளையும் கூட அவள்தான் எட்டிக் கொடுத்தாள், எட்டிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். முப்பத்திரண்டு வீட்டில் ஒரே ஒரு ஆள் மேலேயிருந்து நம் தலை வகிட்டைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உலகம்மாள் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பூரணத்திடம், "என் உச்சியில சொட்டை விழுதுன்னு சொல்லுதா பூரணம், என் வயித்துல பொறந்தவ" என்று சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

தினமும் விடிந்ததும் மைதானத்துக்கு ஓடப் போவதற்கு முன்னால் செண்பகா சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டி நிற்பாள். முதல் நாளே நூற்று அறுபத்தொன்றில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். உலகம்மாள் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, மகளின் தலையில் ஸ்கேலைப் படுக்க வைத்து, கோட்டைப் பார்த்து, "நேரா இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு செண்பகா ஓடிப்போவாள்.

பழைய வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறைய மோர் மிளகாய் வந்திருந்தது. செண்பகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அது இல்லாமல் பழையது இறங்காது. அது தேரடி வீட்டு மோரில் ஊறிக் காய்ந்தது, அதனால் அவள் பயப்படாமல் தின்றாள், தினம் நான்கு, தினம் ஐந்து. பாட்டிலில் மிளகாய் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு நாள் குறைவது நின்றுவிட்டது.

உலகம்மாள் சுளகில் மிளகாய் காயப் போட்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கவிழ்த்த அண்டாவின் முதுகில், தெருவைப் பார்க்க, பட்டப்பகலில் காயப் போட்டிருந்தாள். மகள் மைதானத்துக்குப் போனதும் வைப்பாள், வருவதற்கு முன்னால் எடுத்துவிடுவாள். பூரணம் போய் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"மதினி, இது எந்த மோரு?"

"வீட்டு மோருதான்."

"எந்த வீட்டு மோரு?"

உலகம்மாள் மிளகாயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். "வெயில் போறதுக்குள்ள ரெண்டு பக்கமும் காயணும் பூரணம். ஒரு பக்கம் ஈரம் நின்னாலும் பூத்துப்போவும்" என்றாள்.

பூரணம் கையிலிருந்த மிளகாயைச் சுளகில் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். வந்து குழாயடியில் எங்களிடம் சொன்னாள். யாரோ, "உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்கள், எல்லோரும் சிரித்தோம். அவரவர் குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போனோம். அதன் பிறகு பதினைந்து நாள், அந்தப் பெண் எங்கள் நடுவில் நின்று தண்ணீர் பிடித்தாள், கிரவுண்டில் எத்தனை ரவுண்டு ஓடினாள் என்று சொன்னாள், வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் தெருவுக்கே லட்டு என்றாள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நாங்கள் எதற்கு என்று சொல்லுவோம், அப்படிச் சொல்லச் சொல்ல எங்களுக்கே அது நியாயமாகத் தெரியும்.

அந்தப் பதினைந்தில் ஐந்தாவது நாள் சத்தம் மாறியது. நங் போய் டக் வந்தது. காதுக்குப் பழகினவர்கள் சட்டென்று திரும்பிப் பார்த்தோம். செண்பகா உச்சந்தலையைத் தடவிக்கொண்டு, "இப்பம்லாம் குனிஞ்சு பழகிப்போச்சு அத்தை, பாத்தியளா, நெத்தி இடிக்க மாட்டேங்கு" என்று பூரணத்திடம் சொன்னாள்.

"ஆமாட்டி, பழகிட்ட" என்றாள் பூரணம்.

நாற்பத்தாறாவது நாள் காலையில் அவள் புது ஷூ போட்டுக்கொண்டு, சர்டிபிகேட் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். உலகம்மாள் முக்காலியில் ஏறி ஸ்கேலை வைத்து, "நேரா இருக்கு" என்றாள். பரமார்த்தலிங்கம் திருநீறு பூச மகள் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்து காட்டினாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு பூசிவிட்டார், அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எங்களால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எட்டேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் குனிய மறந்து வாசலைத் தாண்டினாள். தெருவே காது கொடுத்து நின்றது. சர் என்று கேட்டது.

"நல்லாப் பண்ணுட்டி செண்பகா."

"லட்டை மறந்துராத."

"எங்க தெருவுல ஒரு போலீஸு!"

நாங்கள் அத்தனை பேரும் கையை ஆட்டி அனுப்பி வைத்தோம்.

மைதானத்தில் நடந்ததை இசக்கிராஜனின் மகள் தர்ஷினி சொல்லித்தான் கேட்டோம். அவளும் அதே செலக்‌ஷனுக்கு வந்திருந்தாள். தை மாதம் வரைக்கும் நூற்று ஐம்பத்தாறு இருந்தவள், தேரடி வீட்டுப் பால் குடித்து நூற்று அறுபத்துமூன்று ஆகியிருந்தாள். அளக்கிற கம்பத்தில் செண்பகா ஏறி நின்றதும் பலகை இறங்கி அவள் தலையைத் தொட்டது, அளக்க நின்ற பெண் போலீஸ் பார்த்துவிட்டு, "ஐம்பத்தெட்டரை" என்று சத்தமாகச் சொன்னார்.

"இல்ல மேடம், நான் அறுபத்தொண்ணு."

"நேரா நில்லும்மா." இன்னொரு தடவை பலகை இறங்கியது. "ஐம்பத்தெட்டரை."

"மேடம், இன்னைக்குக் காலையில எங்கம்மா அளந்தாங்க. கோட்டுக்கு நேரா இருந்துச்சு."

மேடம் அவளை மூன்றாவது தடவையும் அளந்தார், அந்த அளவுக்கு நல்ல மனுஷிதான். பிறகு பேரேட்டில் அவள் பேரை அடித்துவிட்டு, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். செண்பகா ஊர்ப் பேரைச் சொன்னாள். "ஓ" என்றார் மேடம், "அந்த ஊரா. வீடு மாறினீங்களா?" வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்து தர்ஷினி ஏறி நின்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்குச் செண்பகா தெருமுனையில் வந்து இறங்கினாள். குழாயில் தண்ணீர் இல்லாத நேரம், ஆனாலும் நாங்கள் குழாயடியில்தான் இருந்தோம். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து, வேண்டுமென்றே நிமிர்ந்து, எக்கி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தாள். அப்போதும் முடிதான் உரசியது.

கதவு சாத்தவில்லை, அதனால் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் சுவரிடம் போய் நின்று பென்சில் கோட்டைப் பார்த்தாள். கிட்டே போய்ச் சாய்ந்து பார்த்தாள். ஜன்னல் வெயில் சுவரில் படுக்கைவாட்டில் விழுகிற நேரம் அது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சுண்ணாம்பு மங்கிப்போன தடம், ஒரு நகக்கண் இடைவெளியில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று பதினைந்து இருந்தன. அவள் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து மேலே போனாள். அடுக்களையில் உலகம்மாள் பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்து, பக்கத்தில் நான்கு மிளகாய் வறுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா அழிச்சுக் கீழ இறக்கிப் போடுவ?" என்றாள் செண்பகா.

"நீ ஓடப் போன பொறவு."

"பாட்டில்ல இருக்கிறது?"

"இந்த வீட்டு மோருதான். பழசு ஒண்ணாந்தேதியே தீந்துபோச்சு."

"ஏம்மா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அப்பாவுக்கு மாத்திரை, இந்த வீட்டுக்குச் சோறு, எல்லாத்துக்கும்தான ஓடினேன். எனக்கு மட்டுமா ஓடினேன்? ஏம்மா?"

உலகம்மாள் வாணலியை இறக்கி வைத்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவ, எட்டாது எட்டாதுன்னு" என்றாள். "என் பாவாடைக்கரை அந்தப் பிரேமா இடுப்புல தொங்குது. உங்கப்பாவ பஸ்ஸுல அரை டிக்கெட்டுங்கான். எல்லாம் பொறுத்தாச்சு. ஆனா நான் பெத்தவ முகத்த அண்ணாந்து பாத்துப் பேச எனக்கு முடியல. எனக்கு முடியலட்டி."

"நான் உன்னய என்னைக்காவது கொறைச்சுப் பேசிருக்கனா?"

"பேசல. குனிஞ்சு பேசுன."

செண்பகா சுவரிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு செண்பகா, யாரிடமோ கணக்குக் கேட்கிற மாதிரி, "அடுத்த செலக்‌ஷன் அடுத்த வருசம் வரும்" என்றாள்.

"வரட்டும். அதுக்குள்ள உனக்கு வாசல் இடிக்காது" என்றாள் அம்மா. அதில் கோபம் இல்லை, ஆறுதல் சொல்லுகிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். அதற்கு முக்காலி தேவைப்படவில்லை, குதிகாலை ஒரு விரற்கடை தூக்கினாலே போதுமாக இருந்தது. "இனிமே ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல எட்டும். சாப்பிடு."

குறைந்ததைக் கூட்ட வேண்டும் என்றால் பெரிய வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், அதற்கு வீடு வேண்டும். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். மிளகாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கடித்தாள். நான்கையும் தின்றாள், இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.

கவரிலிருந்த சர்டிபிகேட்டுகளைப் பரணில் வைக்கப் போனாள், எக்கிப் பார்த்தாள், அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பரமார்த்தலிங்கம் தொண்டையைச் செருமினார். "செண்பகா" என்றார், உள்ளே திரும்பாமல். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மன் கோயில்ல இருந்து அண்டாவுக்கு ஆள் வரும்."

"வாரேன்பா."

அவள் புது ஷூவைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, ஒரு உருண்டை புளியும் ஒரு கை உப்பும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். அண்டாவின் முதுகில் ஒட்டியிருந்த காய்ந்த மிளகாய் விதைகளைத் தட்டிவிட்டாள். விளிம்பைப் பிடித்து நிமிர்த்தினாள். எப்போதும் போல விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து கையை விட்டாள். கை காற்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் சரிந்து பார்த்தாள், கால் தரையை விட்டு எழும்பியது, அப்போதும் விரல் நுனிக்கு அடி தட்டுப்படவில்லை.

"ஏட்டி, எட்டலையா?" என்று பூரணம் கேட்டாள். கேட்டபோது அவள் குரலில் இருந்தது அன்பாகத்தான் இருக்க வேண்டும். "நாங்கள்லாம் உள்ள எறங்கித்தான் வெளக்குவோம்."

செண்பகா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இடது காலை அண்டாவுக்குள் வைத்தாள், வலது காலை வைத்தாள், உள்ளே குந்தினாள். வெளியிலிருந்து பார்க்க அவள் முதுகு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது, நாங்கள் குடங்களை வரிசை போட்டோம். உள்ளேயிருந்து புளி தேய்க்கிற சத்தம் கேட்டது, ஒரே சீராக, அடியிலிருந்து விளிம்பை நோக்கி.